பார்க்கலாம் என்றார் ராஜகோபாலன்

சாந்தோம், சென்னை
12 ஜனவரி 2025

அன்புள்ள காஸ்பர் அண்ணா,

மரியே வாழ்க. நான் நலம். டில்லிக் குளிரில் நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ஜூலியட் அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் செய்தி, கடிதத்தில் பேச்சு என்று அம்மா போட்ட சட்டத்தை இந்த வயதிலும் நாம் மீறவில்லை பார். நீ திருச்சி ஹாஸ்டலில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னை உட்காரவைத்து உனக்கு எழுதச் சொல்வாள். 'அண்ணனுக்குப் பணியாரம் வேணுமான்னு கேட்டு எழுதுடி' என்று பின்னாலேயே நிற்பாள்.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். அடையாறு முகத்துவாரத்தில் நான் செய்யும் நண்டு ஆய்வுக்கு வந்த அரசாங்க நிதி மார்ச்சோடு நிற்கிறது. பெரிய வெள்ளம் வந்து போன மறு வருஷத்திலிருந்து மாதா மாதம் அந்தச் சேற்றில் இறங்கி எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆறு தேறுகிறதா இல்லையா என்று இப்போதுதான் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருக்கிறது. இதை நிறுத்தினால் இத்தனை வருஷமும் பாழ். படகு ஓட்டும் அக்பர் பாஷாவுக்கும் வேலை போய்விடும்.

எங்கள் இயக்குநர் உங்கள் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். அண்ணன் வேலை பார்க்கும் இடத்தில் நான் கேட்கலாமா? அப்படியே இதையும் சொல், நிதி அதிகாரியிடம் எப்படிப் பழகுவது? எனக்கு அவர்கள் எல்லாம் நம் கான்வென்ட் மதர் மாதிரி. எதிரே வந்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். கேட்டதை அனுப்புவேன், கேட்காததைச் சொல்ல மாட்டேன். கடைசியில் நீட்டிப்பு கேட்டபோது அந்த அலுவலகத்தில் என் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

உன் தங்கை,
வெரோனிகா

*

புது டில்லி
27 ஜனவரி 2025

அன்புள்ள வெரோ,

இங்கே இருவரும் சுகம். அண்ணியின் முழங்கால், டில்லி வெயிலுக்காகக் காத்திருக்கிறது. போனில் சளி என்றாயே, விட்டதா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். நான் உடல்நலப் பிரிவு, உன்னுடையது நீர்ப் பிரிவு. நீ என் தங்கை என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிரிவின் அதிகாரி ராஜகோபாலன், மயிலாப்பூர்க்காரர். உன்னைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பழகும் விதம் கேட்டாய். இதில் வீட்டு ரகசியம் எதுவும் இல்லை, வருஷா வருஷம் மேடையேறிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான். எழுதுவதற்கு முன்னால் பேசு. 'கிடைக்குமா' என்று கேட்காதே. எது எங்களுக்கு ஒத்துவராது என்று கேள். கெட்ட சேதி இருந்தால் அதை முதலில் சொல். அதை வேறொருவர் வாயால் கேட்பதுதான் எங்களுக்கு நடுக்கம். பணம் வந்த பிறகு மறந்துவிடாதே. 'இன்றைக்கு ஒரு நல்ல விஷயம் நடந்தது சார்' என்று எனக்கு போன் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் வெரோ. மற்றவர்களுக்கு நான் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

என் பங்குக்கு ஒரு செய்தி. அறக்கட்டளை அடையாறில் தெற்கு மண்டல அலுவலகம் திறக்கப்போகிறது. அதன் பொறுப்பை எனக்குத் தரும்படி கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான். அந்த மூன்று வருஷமாவது கடல் காற்றில் சட்டை பிசுபிசுக்க வேலைக்குப் போக வேண்டும். கிழக்கு ஜன்னல் அறையைக் காலி செய்து வை.

அன்பு அண்ணன்,
காஸ்பர்

*

சாந்தோம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்ததும் அறையைத்தான் முதலில் திறந்தேன். உன் கேரம் பலகை, அப்பாவின் குடை, எலி தின்ற மெத்தை. பெயின்டரைக் கூப்பிட்டாயிற்று. உன் உடம்பும் அண்ணியின் உடம்பும் சரியாக இருக்கட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராஜகோபாலன் சாருக்கு போன் செய்தேன். நீ சொன்னபடியே, எது ஒத்துவராது என்று கேட்டேன். "நன்னாக் கேட்டேள் போங்கோ. எல்லாரும் கெடைக்குமா கெடைக்குமான்னுதான் கேப்பா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து கெட்ட சேதியையும் சொல்லிவிட்டேன். முந்தின புயல் கருவிகளை அடித்துக்கொண்டு போனதால் நான்கு மாதம் எண்ணிக்கை இல்லை. முன்பு அதை ஒரு ரிப்போர்ட்டில் அடிக்குறிப்புக்குள் ஒளித்து வைத்தவள் நான். அவர் ஒன்றும் பதறவில்லை. "புயல்னா போகத்தான் போகும். அந்த நாலு மாசத்த எப்படிச் சரிக்கட்டறேள்னு எழுதுங்கோ" என்றார். சின்னக் குறிப்பு ஒன்று அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன்.

இவ்வளவு நாள் இந்த மனிதர்களைப் பார்த்தா தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன்?

உன் தங்கை,
வெரோனிகா

*

புது டில்லி
2 மார்ச் 2025

அன்புள்ள வெரோ,

நலம், நலமறிய ஆவல். கேரம் பலகையைப் பெயின்டர் காலடியில் போட்டுவிடாதே.

அடையாறு பொறுப்பு பற்றி மே மாதம் முடிவு தெரியும். எனக்கே கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஜூலியட் இப்போதே பாத்திரங்களைப் பிரித்து வைக்கிறாள். நான் ஆபீசில் உட்கார்ந்து பட்டினப்பாக்கத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா நம் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு உடைந்த பாலம் வரை நடத்திக்கொண்டு போவாரே, ஞாபகமிருக்கிறதா? திரும்பும்போது நீ நடக்க மாட்டேன் என்பாய். என்னைத் தூக்கச் சொல்வார். நீ கனம்!

அன்பு அண்ணன்,
காஸ்பர்

*

சாந்தோம்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் இல்லை.

ராஜகோபாலன் சாரிடமிருந்து மெயில் வந்தது. குறிப்பைப் படித்தாராம், அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் வருகிறாராம். அதெல்லாம் இங்கிலீஷில். கடைசியில் தமிழில் ஒரே ஒரு சொல்: 'பார்க்கலாம்.'

அந்தச் சொல்லை நமக்கா தெரியாது? நீ சைக்கிள் கேட்டாய், அப்பா பார்க்கலாம் என்றார். நான் டான்ஸ் கிளாஸ் கேட்டேன், பார்க்கலாம். வேளாங்கண்ணிக்கு ரயிலில் போக வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம், அதற்கும் பார்க்கலாம். ஒன்றையாவது பார்த்தோமா? முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்களின் இல்லை அது.

குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் மறுத்திருக்கிறார். நானும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ஏப்ரல் மட்டும் என் கைப்பணத்தில் ஓட்டலாம், மே மாதத்திலிருந்து வேறு வேலை தேடிக்கொள்ளும்படி அக்பர் பாஷாவிடம் சொன்னேன். "இன்னா மேடம், அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுப் படகைக் கழுவப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
வெரோனிகா

*

புது டில்லி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள வெரோ,

இங்கே சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பார்க்கலாம் என்றா எழுதினார்? அப்படியானால் முடிந்தது. ராஜகோபாலன் நல்ல மனிதர், நேராக வேண்டாம் என்று சொல்ல மனசு வந்திருக்காது. நம் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதையும் கேட்டதில்லை. நீயும் கேட்காதே, கௌரவமாக விட்டுவிடு. வேறு இடங்கள் இருக்கின்றன.

அந்த சைக்கிளை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாயே! பச்சை நிறம். லஸ் முனையில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தது.

அன்பு அண்ணன்,
காஸ்பர்

*

சாந்தோம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

நலமா? நீயும் ஓர் அதிகாரியா? உன்னை நம்பி நான் கௌரவமாக விட்டுவிட்டேனே, என்ன ஆயிற்று தெரியுமா?

உற்சவம் முடிந்த மறுநாள் ராஜகோபாலன் சார் போன் செய்தார். குரலில் வருத்தம்.

"என்னம்மா, வரவே இல்லையே நீங்க? எப்போ வரேள்னு போன் பண்ணுவேள்னு மயிலாப்பூர் ஆத்துல காத்துண்டே இருந்தேன். ஆராய்ச்சி டாக்டர் ஒருத்தர் வரப்போறார்னு மன்னிகிட்டகூடச் சொல்லி வெச்சிருந்தேன்."

"சார், நீங்க பார்க்கலாம்னு எழுதியிருந்தீங்களே..."

"ஆமா, பார்க்கலாம்னுதான் எழுதினேன். பார்க்கத்தானே கூப்பிட்டேன்?"

அண்ணா, எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஊருக்கெல்லாம் பார்க்கலாம் என்றால் சந்திக்கலாம். நம் இரண்டு பேருக்கு மட்டும் அது அப்பாவின் குரல். நடந்ததை அப்படியே சொன்னேன், சைக்கிள் உள்பட. இருமும் வரை சிரித்தார்.

மறுநாள் காலை முகத்துவாரத்துக்கே வந்துவிட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. சேற்றுத் திட்டில் இறங்கத் தயங்கினார். அக்பர் பாஷாவா விடுவார்? "இன்னா சார், பயந்துக்கினு நிக்கிறீங்க? அசையாம குந்துங்க, அதுவே வெளிய வரும்" என்றார். குந்தினார். கொஞ்ச நேரத்தில் திட்டு முழுக்க நண்டுகள் வெளியே வந்து ஒற்றைக் கொடுக்கை ஆட்ட ஆரம்பித்தன. "இத்தன வருஷமா காகிதத்துலயே பாத்துண்டிருந்தேன்" என்றார். எழுந்திருக்கவே அவருக்கு மனசில்லை.

மே கடைசிக்குள் முழு விண்ணப்பம் அனுப்பச் சொன்னார். கிடைக்கும் என்று சொல்லவில்லை, அது குழுவின் முடிவாம். அவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு தெற்கத்தி ஃபைல்கள் எல்லாம், என்னுடையதும்தான், அடையாறு அலுவலகத்துக்கு வந்துவிடுமாம்.

அங்கே நீதானே இருப்பாய்? உனக்கும் என் ஃபைலுக்கும் நடுவே ஒரு சுவர் வைத்துவிடுவார்கள் இல்லையா? அதற்கு என்ன விதி என்று எழுது. அறைக்கு வெளிர் நீலம் அடித்தாயிற்று.

உன் தங்கை,
வெரோனிகா

*

சாந்தோம்
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். அண்ணியிடம் கேட்டால் "அவரையே கேளு வெரோனிகா" என்று பேச்சை மாற்றுகிறாள்.

அம்மாவின் நினைவுநாள் பூசைக்கும் வரவில்லை. உன் இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன். பாட்டு ஆரம்பித்த பிறகுதான் வேறொருவருக்கு விட்டேன்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பிறகு ஒரு நாள் ராஜகோபாலன் சாருக்கு, மழைக்கு முன்பே நண்டுக் குஞ்சுகள் வந்துவிட்டதைச் சொல்ல மட்டும் போன் செய்தேன். நீ சொன்ன அந்த விரல்களில் நானும் ஒன்று.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? திட்டியாவது ஒரு வரி போடு.

உன் தங்கை,
வெரோனிகா

*

புது டில்லி
20 ஜூலை 2025

அன்புள்ள வெரோனிகா,

நாங்கள் நலம். வேலை அதிகம்.

சென்னைப் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. இளையவர்களாகப் பார்க்கிறார்கள், அதுவும் நியாயம்தான். நீல அறையில் நீயே இருந்துகொள், காற்று வரும். கொஞ்ச காலத்துக்கு நான் அந்தப் பக்கம் வர முடியும் என்று தோன்றவில்லை. விண்ணப்பம் பற்றி இனி எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

அங்கே மழை உண்டா?

காஸ்பர்

*

சாந்தோம்
19 அக்டோபர் 2025

காஸ்பர் அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும், அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். கேட்டாயிற்று. இப்போது சண்டை.

ஆய்வைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு வரியை மட்டும் பொறுத்துக்கொள். நிதி கிடைத்துவிட்டது, மூன்று வருஷத்துக்கு. போன வாரம் அடையாறு அலுவலகத்தின் புது அதிகாரி வஜீஹாவைப் போய்ப் பார்த்தேன். ராயப்பேட்டைப் பெண், கலகலப்பானவள். டீ வரவழைத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"மேடம், இந்த சீட்டை மொதல்ல காஸ்பர் சாருக்குத்தான் குடுத்தாங்க. மே மாசமே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டார். இங்க எல்லா ஃபைலும் ஒரே ஆள்கிட்டதான் மேடம். அந்த ஆளோட சொந்தக்காரங்க அப்ளை பண்ணவே முடியாது. தங்கச்சி அப்ளை பண்றாங்க, அதனால நான் வரலன்னாராம். உங்ககிட்ட சொல்லலியா?"

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போதே அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

கெட்ட சேதியை முதலில் சொல் என்று ஊருக்கெல்லாம் மேடையேறிச் சொல்கிறாய். சொந்தத் தங்கைக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? இளையவர்களாகப் பார்க்கிறார்களாம்! உன் மூன்று வருஷத்தை வாங்கி என் மூன்று வருஷத்தை நடத்தவா நான் கேட்டேன்? இனி இந்த நிதியை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு ஆற்றில் இறங்குவேன்?

வெரோனிகா

*

புது டில்லி
9 நவம்பர் 2025

அன்புள்ள வெரோ,

சுகம்தான். நீ போட்ட சத்தம் இங்கே வரை கேட்டது. ஜூலியட்டுக்குச் சந்தோஷம், அவள் திட்ட நினைத்ததையெல்லாம் நீ திட்டிவிட்டாய். அந்தப் பொறுப்பை வேண்டாம் என்றபோது அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீ விலகிக்கொண்டிருப்பாய். எனக்கு அம்மை போட்டிருந்த வருஷம், பள்ளிக்கூடத்து ஊட்டிப் பயணத்தை விட்டுவிட்டு என் அறை வாசலில் உட்கார்ந்து கதை படித்தவள்தானே நீ. சொன்னால் தோற்றுவிடுவேன் என்றுதான் சொல்லவில்லை. பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. கோபமும் வந்தது, உன் மேலேயே வந்தது. ஊருக்குத் திரும்பும் ஒரே வழியில் நீயும் உன் நண்டுகளும் வந்து நின்றுகொண்டீர்களே என்று. அந்தக் கோபத்தோடு எழுதக் கூடாது என்றுதான் மூன்று மாதம் எழுதவில்லை.

ஆனால் அந்த நாற்காலியில் உட்கார வஜீஹா கிடைத்தாள், நன்றாகவும் செய்கிறாள். அந்தச் சேற்றில் நிற்க உனக்குப் பதில் யார் கிடைப்பார்கள்? ஆகவே இறங்கு. என் முகத்தை நினைத்துக்கொண்டு நிற்காதே.

ஒன்று மட்டும். இந்த மூன்று வருஷமும் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நிதி கேட்ட ஒரு பேராசிரியருக்காக அவர் மருமகன் எங்கள் ஆபீசில் செய்த கூத்துக்குப் பிறகு, உறவினர் விதியை உட்கார்ந்து எழுதியவனே நான்தான். நானே அதை மீறினால் நாளைக்கு உன் நிதியின் மேல் ஒரு விரல் நீளும். கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டேன். கல்கல் பலகாரம் செய்தால் பார்சலில் அனுப்பு.

அன்பு அண்ணன்,
காஸ்பர்

*

சாந்தோம்
30 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

மரியே வாழ்க. நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாகப் பயணத்துக்கு.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா அப்பாவுக்கு நான் தனியாகப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. அதைப் படித்ததும், இன்னும் மூன்று தடவை இப்படித் தனியாக ஏற்ற என்னால் முடியாது என்று தோன்றியது. நேரே வஜீஹாவிடம் போனேன். என் அண்ணன் வீட்டுக்கு வரலாமா கூடாதா, விதியைப் பார்த்துச் சொல் என்றேன். எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"மேடம், ஆய்வு நடக்குற எடத்துக்குப் போகக் கூடாது, ஆய்வைப் பத்திப் பேசக் கூடாது, அவ்ளோதான் இருக்கு. பொறந்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு இதுல எங்க எழுதியிருக்கு? சார் எழுதினதை சாரே ஒழுங்கா படிக்கல போல!" என்றாள். அதையே மெயிலாகவும் அனுப்பியிருக்கிறாள், உன் டில்லி ஆபீசுக்கும் சேர்த்து. யார் விரல் நீண்டாலும் அவள் பார்த்துக்கொள்வாளாம்.

ஆகவே டிக்கெட் எடு. அண்ணிக்குக் கீழ் பர்த் கேள், முழங்கால் மடங்காது.

ஆனால் ஒன்று, அண்ணா. நீ இங்கே இருக்கும் நாளெல்லாம் ஆற்றைப் பற்றி, படகைப் பற்றி, என் வேலையைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வஜீஹாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். உனக்கும் ஆபீஸ் கதையை விட்டால் என்ன இருக்கிறது? பூசைக்குப் போய்விட்டு வந்து இரண்டு பேரும் சும்மாதான் உட்கார்ந்திருப்போம்.

பரவாயில்லை. வந்து உட்கார்.

உன் தங்கை,
வெரோனிகா